கார் ஷெட்டில் அக்கா செய்த நாற்காலிகள்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதம் இருபத்திரண்டாம் தேதி, வியாழக்கிழமை, முற்பகல் பத்து மணி நாற்பது நிமிடம். முந்தின நாள் சாயங்காலம் தொடங்கிய மழை அப்போதுதான் வெறித்திருந்தது. வானம் மூட்டம், காற்று இல்லை. கோவில்பட்டியில், தம் சொந்த வீட்டில், தெருப்பக்கத்து அறைக் கட்டிலில், என் அக்கா அவர்கள் காலமானார்கள். வயது எழுபத்தாறு. நான் அருகில் இருந்தேன். துக்கத்துக்கு வந்தவர்கள் நேரம் கேட்டபோது வீட்டிலிருந்தவர்கள் ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். கடிகாரத்தைப் பார்த்தவன் நான் என்பதால் இங்கே சரியாக எழுதிவைக்கிறேன்.

அந்த அறை ஜன்னல் வழியே பார்த்தால் கார் ஷெட் தெரியும். அன்று ஷெட்டுக்குள் நாலடி ஆழத்துக்கு ஒரு குழி இருந்தது. குழியில் கலங்கல் தண்ணீர். வெளியே தார்ப்பாய் போர்த்திய பெரிய மெஷின் ஒன்று நின்றது. வந்தவர்களில் பலர், "சாவு வீட்டில் இது என்ன குழி?" என்று என்னிடமே கேட்டார்கள். பதில் சொல்லும் நிலையில் அன்று நான் இல்லை. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அதைச் சொல்ல வேண்டியது என் கடமை.

எங்கள் பூர்வீகம் புதூர் வட்டாரத்தில் ஒரு மானாவாரிக் கிராமம். அப்பாவுக்கு ஏழு ஏக்கர் கரிசல். பருத்தியும் மிளகாயும் கம்பும் போடுவார். அக்கா மூத்தவர். நான் அவருக்கு ஐந்து வயது இளையவன். அக்கா எட்டாம் வகுப்போடு நின்றார். விளாத்திகுளத்துக்கு பஸ்ஸில் அனுப்பிப் படிக்க வைக்க ஒரு பிள்ளைக்குத்தான் வீட்டில் வசதி இருந்தது. அந்தப் பிள்ளையாக நான் ஆனேன். இதை அவர் சொல்லிக் காட்டாத வருஷம் கிடையாது. "என் பஸ் காசுலதாம்லே நீ கூட்டுறவு சங்கத்துல கணக்கு எழுதின" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரித்து, சாப்பாடு எடுத்து வைப்பார்.

அத்தான் வாடகைக் கார் ஓட்டியவர். பிறர் காரை ஓட்டிச் சேர்த்த பணத்தில் பழைய அம்பாசிடர் ஒன்று வாங்கினார். அதை நிறுத்த வீட்டையொட்டி ஒரு ஷெட் போட்டார். கல்யாண மாதங்களில் வருமானம் வரும். மற்ற மாதங்களில் ஷெட்டில் கார் நிற்கும். அக்கா தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போனார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து மரச் சட்டங்களில் தீக்குச்சி அடுக்கும் வேலை. இருபத்தாறு வருஷம் அந்த வேலை பார்த்தார். ஒரே மகனைப் பொறியியல் படிக்க வைத்தது அந்தச் சம்பளம். முழங்கால்கள் இரண்டும் தேய்ந்ததும் அங்கேதான். உடைந்த சட்டங்களைக் குப்பையில் போடாமல் உட்கார்ந்து ஒட்டிச் சேர்த்ததும் அவர்தான். மரத்தோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது அப்படி.

ஒன்பது வருஷங்களுக்கு முன் அத்தான் தவறினார். காரை விற்றோம். ஷெட் சும்மா கிடந்தது. அடுத்த வருஷம் ஒரு கல்யாண மண்டபத்தில் அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர், பந்திக்குப் போக எழ முடியவில்லை. கை கொடுத்துத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள், முன்பின் தெரியாதவர்கள். அக்கா சாப்பிடாமலேயே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"எந்திக்கிறதுக்கு ஆள் கூப்பிட ஆரம்பிச்சா, அதுக்கப்புறம் எல்லாத்துக்கும் ஆள் கூப்பிடணும்லே" என்றார் என்னிடம்.

நான் டாக்டரிடம் போகலாம் என்றேன். அவர் போகவில்லை. கீழே குனிந்து தம் முழங்காலையும் நாற்காலிக் காலையும் பார்த்தபடி இருந்தார். பிறகு சொன்னார்: "காலு ஆளுக்கு ஆள் வேற. நாக்காலி மட்டும் ஊருக்கெல்லாம் ஒரே உசரமா?"

ஒரு கை ரம்பமும் துளை போடும் மெஷினும் வாங்கி, அந்த ஷெட்டில் அவர் செய்த முதல் நாற்காலி அவருக்கானதுதான். பலகை முழங்காலைவிட இரண்டு விரல்கடை உயரம். கைப்பிடிகள் சற்று முன்னால் நீண்டிருக்கும், ஊன்றி எழுவதற்கு. பார்க்க அழகாக இல்லை. ஆனால் அதில் உட்கார்ந்து அவர் தாமாக எழுந்தார். எதிர்வீட்டு கோமதி மதினி அதைப் பார்த்துவிட்டுத் தமக்கொன்று கேட்டார். அவருக்குப் பின் அவர் அண்ணி. அப்புறம் பின் தெருவிலிருந்து ஆள்கள் வந்தார்கள். நான் குடியிருக்கும் எட்டயபுரத்திலிருந்து நானே இரண்டு பேரைக் கூட்டிவந்தேன். கட்டைக்கு ஆன பணத்தை மட்டும் வாங்குவார். வேம்பு, வாகை, இடித்த வீடுகளின் நிலைச் சட்டம், கிடைத்தது எதுவும் அவருக்கு ஆகும்.

அளவெடுக்க அக்கா டேப் பிடித்ததில்லை. ஒரு மெல்லிய மரச் சிம்பை எடுத்து, ஆளை உட்காரவைத்து, முழங்காலுக்குப் பின்னே அதைத் தரையில் நிறுத்தி, பென்சிலால் ஒரு கோடு போடுவார். அந்தச் சிம்பில் பேரை எழுதி ஷெட்டுச் சுவரில் ஆணியில் மாட்டுவார். ஏன் இப்படி, இஞ்சுக் கணக்கில் எழுதி வைக்கலாமே என்று கேட்டேன். "எண்ணு மறந்துபோகும். இது அவிய காலு, மறக்குமா?" என்றார். ஏழு வருஷத்தில் சுவரில் நாற்பத்தொரு சிம்புகள் தொங்கின. இரண்டு சிம்பில் கோடு ஒரே இடத்தில் இருந்து நான் பார்த்ததில்லை.

வேலை கூடக்கூட மெஷின்களும் மாறின. கை ரம்பத்துக்குப் பதில் மேஜை ரம்பம் வந்தது. இழைப்புளியால் தள்ளித் தோள் வலித்ததும் கையில் பிடித்துத் தள்ளும் மின்சார இழைப்பு மெஷின் வந்தது. ஒவ்வொன்றும் வரும்போது, இது எதற்கு, இதற்கு மேல் வேண்டாம் என்று நான் சொல்வேன். அக்கா என் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே பிளக்கைச் சொருகுவார்.

போன வருஷம் மாசியில் அந்த இழைப்பு மெஷின் வாகைக் கட்டையின் முடிச்சில் மோதித் துள்ளியது. அக்காவின் இடது கை ஆள்காட்டி விரலில் ஆறு தையல். விரலில் போட்ட கட்டு தெரியாமல் மறைத்தும், போன் திரையில் அவர் மகன், என் மருமகன், பார்த்துவிட்டார். மறுநாளே சென்னையிலிருந்து வந்துவிட்டார். என் மருமகன் நல்ல பிள்ளை. கொஞ்சம் பயந்த சுபாவம். அது தாய்மாமனிடமிருந்து வந்தது என்று அக்கா சொல்வதுண்டு. மூன்று பேரும் தெருப்பக்கத்து அறையில் உட்கார்ந்தோம்.

"அம்மா, போதும். சென்னைக்கு வந்துருங்க. லிஃப்ட் இருக்கு. டாக்டர் கீழ்த்தளத்துலேயே இருக்காரு."

"லிஃப்ட்ல ஏறி எங்கப்பா போக?"

"மாமா, நீங்களாவது சொல்லுங்க."

"கையைப் பாத்தா எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றேன்.

"நீ எதுக்குத்தான் பயப்படல? பஸ்ஸுல ஏறும்போதே டயரைக் குனிஞ்சு பாத்துட்டு ஏறுத ஆளு" என்றார் அக்கா. மருமகன்கூடச் சிரித்துவிட்டார். பிறகு அக்கா மகனைப் பார்த்துப் பேசினார். "கையில பிடிச்சுத் தள்ளுத மெஷினு அது. கை தளந்தா பாயுது. கட்டைய இந்தப் பக்கம் விட்டா தானா இழைச்சு அந்தப் பக்கம் தள்ளுத பெரிய மெஷினு இருக்கு. அதுல கை கிட்டவே போகாது. அதை வாங்கிப் போடுதேன். ஒரு வருஷம் பாரு. அதுக்குள்ள இன்னொரு தடவ ரத்தம் வந்தாலுஞ் சரி, நானே வேலைய நிப்பாட்டிட்டாலுஞ் சரி, வீட்ட வித்துரு. நான் சென்னைக்கு வாரேன்."

"யாரும்மா பாத்துச் சொல்றது? நீங்க அடிபட்டாலும் மறைப்பீங்க."

"உன் மாமன் வியாழக்கிழமை வியாழக்கிழமை வந்து என் விரல எண்ணிட்டுப் போகட்டும்."

அப்படித்தான் நான் நடுவன் ஆனேன். அன்றிலிருந்து வாரம் ஒருநாள் எட்டயபுரத்திலிருந்து பஸ் ஏறிக் கோவில்பட்டி வந்தேன். அக்கா வாசலிலேயே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு, "பத்தும் இருக்கு. எண்ணிட்டியா? இப்ப காப்பி குடி" என்பார்.

சித்திரையில் கோயம்புத்தூரிலிருந்து மெஷின் வந்தது. வார்ப்பிரும்பு. எட்டுப் பேர் உருளைக் கம்பு வைத்து உருட்டி ஷெட்டுக்குள் கொண்டுபோனார்கள். மின் இணைப்பையும் அதற்கேற்ப மாற்றி வாங்கியாயிற்று. மெஷினைப் பொருத்தக் கூட வந்த பிட்டர் தரையைக் காலால் தட்டி, "கான்கிரீட்டுத் தரைதானேம்மா, தாராளமாத் தாங்கும்" என்றார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. முதல் பலகையை உள்ளே விட்டதும், கரகரவென்று இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வழுவழுப்பாக வெளியே தள்ளியது. அக்கா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். நான் அவர் விரல்களுக்கும் மெஷினின் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை முழம் இருந்தது. அன்று எனக்கு நிம்மதியாகச் சாப்பாடு இறங்கியது.

வைகாசி முடிவதற்குள் பலகை ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் மெலிதாகவும் வரத் தொடங்கியது. மெஷின் ஓடும்போது உறுமல் போய் ஒரு தட்டல் சத்தம். அக்கா கத்தியைக் கழற்றித் தீட்டி மாட்டினார். சரியாகவில்லை. ஒரு வியாழக்கிழமை ரசமட்டத்தை எடுத்து மெஷின் மேல் வைத்தார். குமிழி ஓடி மேற்கு ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. இருவரும் குனிந்து தரையைப் பார்த்தோம். சுவரோரம் தொடங்கி மெஷினின் அடிவரை ஒரு வெடிப்பு. என் பேனா மூடியோடு அதற்குள் இறங்கியது.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டும். கரிசல் மண் வெயிலில் சுருங்கி வெடிக்கும். மழையில் ஊதி எழும்பும். அதனால் எங்கள் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் கருப்பு மண்ணை அள்ளி வெளியே போட்டு, சரளும் மணலும் நிரப்பி இடித்த பிறகுதான் தரை போடுவார்கள். அக்காவின் வீடும் அப்படிக் கட்டியதுதான். ஆனால் கார் ஷெட்டுக்கு யாரும் அதைச் செய்வதில்லை. கார் சக்கரத்தில் நிற்பது. தரை ஒரு விரல்கடை ஏறினாலும் இறங்கினாலும் அதற்கென்ன? அத்தானும் கரிசல் மேலேயே மூன்று அங்குலக் கான்கிரீட்டைப் போட்டுவிட்டார். இத்தனை வருஷம் அங்கே கார் நின்ற பழக்கத்தில், அது கரிசல் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. கோயம்புத்தூர்க்காரருக்குத் தெரியாது, சரி. அக்காவும் நானும் அந்த மண்ணில் பிறந்தவர்கள்.

அக்கா தம் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கரிசக்காட்டுல பொறந்து, கரிசக்காட்டுல களையெடுத்து, கடைசியில மண்ணை மறந்துட்டமேலே!"

ஒரு மாதம் ஆப்பு வைத்துப் பார்த்தார். மெல்லிய மரத் துண்டுகளை மெஷினின் அடியில் செருகி மட்டம் பிடிப்பார். பத்து நாளில் மறுபடி சாயும். ஆனியில் ஒருநாள் மெஷின் ஆடிய ஆட்டத்தில் உள்ளே போன கட்டை பின்னால் தெறித்து வந்து சுவரில் மோதியது. அக்கா விலகி நின்றிருந்ததால் அடிபடவில்லை. அவரே சுவிட்சை அணைத்தார்.

"கோணின மெஷின்ல வேல செஞ்சு அடிபட்டா, போறது என் கையி இல்ல, என் வீடு" என்றார்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் சென்னைக்குத்தான் போக வேண்டும். அவர் சொன்ன சொல் அது. ஆகவே தரையை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. மாரியப்பன் கொத்தனாரைக் கூப்பிட்டோம். அவர் வெடிப்பைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"கார் நிக்கிற தரையில மலையக் கொண்டாந்து நிப்பாட்டியிருக்கீகளே! அக்காதான் ஆசைல செஞ்சாக. நீங்க படிச்சவுக, சொல்லப்பிடாதா அண்ணாச்சி?"

"அவன் எல்லாத்துக்கும் வேண்டாம்னான். இதை மட்டும் சொல்ல விட்டுட்டான்" என்றார் அக்கா.

கொத்தனாருக்குக் கையில் வேறு வேலை இருந்ததால் ஆவணியில்தான் ஆள் வந்தது. மெஷினை வெளியே உருட்டித் தார்ப்பாய் போர்த்தினார்கள். கான்கிரீட்டை உடைத்து, நாலடிக்குக் கரிசலை அள்ளினார்கள். கோமதி மதினி அதில் ஒரு பங்கைத் தம் முருங்கைக்கு வாங்கிக்கொண்டார். அக்கா குழி ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அந்த மூலையில இன்னும் கருப்பு தெரியுது, அதையும் எடு" என்று ஏவிக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் ஒரு வியாழக்கிழமை, நான் பஸ்ஸைவிட்டு வந்து உட்கார்ந்ததும் அக்கா ஒரு சிம்போடு வந்தார்.

"காலை நீட்டாத. மடக்கு. ஆட்டாதலே."

"எனக்கு எதுக்குக்கா? நான் நல்லாத்தான் எந்திக்கிறேன்."

"போன வாரம் பஸ் ஸ்டாண்டுல பாத்தேனே நீ எறங்கின லட்சணத்த. கம்பியப் பிடிச்சுத் தொங்கிட்டு. நீ தரையில கால் வைக்கிறதுக்குள்ள கண்டக்டர் ஒரு தூக்கம் தூங்கி முழிச்சிட்டான்."

கோடு போட்டு, என் பேருக்குப் பதில் "தம்பி" என்று எழுதி, நாற்பத்திரண்டாவதாகச் சுவரில் மாட்டினார். வேப்பங்கட்டையில் கைப்பிடிகளையும், கொஞ்சம் நீளம் விட்டுக் கால்களையும் அறுத்தும் வைத்துவிட்டார். உட்காரும் பலகைகளைத்தான் இழைக்க வேண்டும். "தரை ஆறினதும் மொத வேல உன் நாக்காலிதான்" என்றார்.

புரட்டாசி இரண்டாம் வாரத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. திருநெல்வேலியில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இருதயம் பலவீனம், இனி முழு ஓய்வு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். குழியில் சரள் கொட்டும் வேலை அப்படியே நின்றுபோனது. மருமகன் விடுப்பு எடுத்து வந்து தங்கினார். அவர் அம்மாவிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பவாவது வாங்கம்மா. நான் பாத்துக்கிடுதேன்" என்றார். வருஷக்கணக்கில் சென்னையில் இருந்தவர் வாயில் ஊர்ப் பேச்சு திரும்பி வந்திருந்தது.

அக்கா ஜன்னலைக் காட்டினார். "குழியத் திறந்துபோட்டுட்டு எப்படிப்பா வர?"

எங்கள் குடும்பத்தில் அது வழக்கம். வீட்டு எல்லைக்குள் மண்ணைத் தோண்டினால், அதை மூடி மட்டமாக்காமல் வீட்டுக்குரியவர் ஊரைவிட்டுப் போகக் கூடாது. அப்பா ஒருமுறை தானியக் குதிர் வைக்கப் பள்ளம் வெட்டிவிட்டு, அது மூடும்வரை சொந்தத் தங்கை வீட்டு விசேஷத்துக்கே போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது மட்டும் இந்தக் கணக்கில் சேராது. இதெல்லாம் மருமகனுக்கும் தெரியும். அவர் மறுத்துப் பேசாமல் கொத்தனாருக்குப் போன் செய்து, மூன்று நாளில் குழியை மூடச் சொன்னார். நான்காம் நாள் சென்னைக்குக் காரும் ஏற்பாடு செய்தார்.

இரண்டாம் நாள் மழை பிடித்தது. முற்றத்துத் தண்ணீரெல்லாம் சாய்ந்து ஓடி ஷெட்டுக் குழிக்குள் இறங்கியது. கரிசலில் நின்ற தண்ணீர் கீழே வடியாது. கொத்தனார் வந்து பார்த்து, "தண்ணிக்குள்ள சரளைக் கொட்டி இடிக்க முடியாது அண்ணாச்சி. காயணும்" என்றார். ஒருமுறை மோட்டார் வைத்து இறைத்தோம். அடுத்த மழையில் மறுபடி நிறைந்தது. "அம்மா மழைகிட்டப் பேசி வச்சிருக்காங்க மாமா" என்று மருமகன் என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், கண் கலங்கியிருந்தது.

நான் எட்டயபுரம் திரும்பாமல் அங்கேயே தங்கினேன். தினமும் காலையில் அக்கா கேட்பார்: "தண்ணி எம்புட்டு கெடக்கு?" நான் ஒரு கம்பை விட்டு அளந்து வந்து சொல்வேன். மூன்றடி என்றால், "கெடக்கட்டும்" என்பார். மதியம் கொஞ்சம் கஞ்சி குடிப்பார்.

ஐப்பசி நடுவில் வெயில் அடித்தது. இரண்டடி ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று. இருபத்தோராம் தேதி, புதன்கிழமை காலை, நான் வந்து "ஓரடிதாங்கா" என்றேன். அளவில் எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொன்னாலும் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தார். அன்று கஞ்சியும் வேண்டாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கலாம் என்று கொத்தனார் சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலம் தெற்கே இருட்டிக்கொண்டு வந்து மழை இறங்கியது. மறுநாள் காலை குடை பிடித்துக்கொண்டு போய் அளந்தேன்.

"மூணே காலடி."

"நல்லா அளந்தியா?"

"ரெண்டு தடவ அளந்தேங்கா."

"கெடக்கட்டும்" என்றார். கோமதி மதினி கொண்டுவந்த பாலை இரண்டு மிடறு குடித்தார். மருமகன் தலைமாட்டில் இருந்தார். பத்து நாற்பதுக்கு எல்லாம் முடிந்தது. ரத்தம் வரவில்லை, வேலையை விட்டுவிடவில்லை, வீட்டை விட்டுப் போகவும் இல்லை. நடுவனாக நான் சொல்லவேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன்: அக்கா சொன்ன சொல்லில் ஜெயித்தார்.

மதியம் இரண்டு மணிக்குமேல் தெருவில் ஆட்டோக்கள் வந்து நிற்கத் தொடங்கின. ஒவ்வொன்றிலிருந்தும் வயதானவர் ஒருவர் இறங்கினார். பின்னாலிருந்து ஒரு நாற்காலி இறங்கியது. அவர்களால் தரையில் உட்கார முடியாது. பந்தலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் எழ முடியாது. ஆகவே அக்கா அளந்து செய்து கொடுத்ததைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஈரத் தெருவில் வரிசையாகப் போட்டு உட்கார்ந்தார்கள். பத்தொன்பது நாற்காலிகள். ஒன்றுக்கொன்று உயரம் சேராமல் அந்த வரிசை ஏறியும் இறங்கியும் இருந்தது. அக்காவைத் தூக்கியபோது அத்தனை பேரும் கைப்பிடியில் ஊன்றி, யார் கையும் பிடிக்காமல், தாமாக எழுந்து நின்றார்கள். அதுவரை அடக்கி வைத்திருந்தேன். அப்போதுதான் நான் அழுதேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மருமகன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மாமா, குழியை இடிசல் போட்டு மூடிரலாம். மெஷினைக் கேட்டு ஆள் வந்திருக்கு."

"தரையை முறைப்படி போட்டு முடிப்போம். செலவு என்னோடது" என்றேன்.

"முடிச்சு? யாரு மாமா ஓட்டப் போறா?"

"யாரும் ஓட்ட வேண்டாம். மட்டமா நிக்கட்டும்."

ஒவ்வொரு மெஷினுக்கும் வேண்டாம் சொன்ன மனிதன் இப்படிப் பேசியதும் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, "சரி மாமா. வருஷம் திரும்புறவரைக்கும் வீட்டை ஒண்ணும் செய்யல" என்றார்.

தையில் குழி காய்ந்தது. அடியில் மிச்சமிருந்த கருப்பையும் சுரண்டி எடுக்கச் சொன்னேன். சரளை அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு இடித்து, மாசியில் கான்கிரீட் போட்டோம். மெஷினை உள்ளே ஏற்றிய அன்று எட்டயபுரத்திலிருந்து தெரிந்த ஆசாரி ஒருவரை அழைத்து வந்தேன். அக்கா அறுத்து வைத்திருந்த பலகைகளை அவர் அதில் விட்டு இழைத்தார். இரண்டு ஓரமும் ஒரே கனமாக வந்தன. நாற்காலியைப் பூட்டும் முன் "உசரம் எவ்வளவு சார்?" என்று கேட்டார். சுவரில் கடைசி ஆணியிலிருந்த சிம்பை எடுத்துக் கொடுத்தேன்.

அதிலிருந்து வியாழக்கிழமைகளில் முன்போலவே பஸ் ஏறி வருகிறேன். பூட்டைத் திறந்து, மெஷின்மேல் ரசமட்டத்தை வைக்கிறேன். சித்திரை வெயிலில் முற்றத்தில் வெடிப்பு விழுந்தது, ஷெட்டுக்குள் விழவில்லை. இப்போது மறுபடி ஐப்பசி மழை. சென்ற வாரமும் பார்த்தேன். குமிழி நடுவில் நிற்கிறது. பார்த்துவிட்டு என் நாற்காலியில் சற்று நேரம் உட்கார்ந்திருப்பேன். எழும்போது கைப்பிடியில் ஊன்றினால் போதும். ஊன்றும்போதெல்லாம் காப்பி குடிக்கச் சொல்லும் குரலுக்காகக் காது ஒரு கணம் காத்து நிற்கிறது.

அக்காவின் கடைசி நாட்களில் துணை நின்றவர்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இரவு பகல் பாராது கவனித்த திருநெல்வேலி மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும். கடைசிப் பால் கொடுத்த கோமதி மதினிக்கும். அடக்கத்தன்று கூலி வேண்டாம் என்று பந்தல் கால் நட்ட மாரியப்பன் கொத்தனாருக்கும். நாற்காலியோடு வந்த பத்தொன்பது பேருக்கும், வர முடியாமல் சொல்லி அனுப்பியவர்களுக்கும். அவர்களை ஏற்றி வந்து, நாற்காலிக்குத் தனி வாடகை கேட்காத ஆட்டோக்காரர்களுக்கும். தாய்மாமன் பேச்சைத் தட்டாத என் மருமகனுக்கும் கைகூப்பிய நன்றி. விடுபட்டவர்கள் இருந்தால் என்னிடம் நேரில் சொல்லவும், நினைவில் சேர்த்துக்கொள்வேன்.

சரள், மணல், சிமெண்டு, கம்பி, கொத்தனார் கூலி, மெஷினை உள்ளே ஏற்றிய ஆட்கூலி, ஆசாரிக்கு ஒருநாள் சம்பளம், இன்றுவரை வியாழக்கிழமைகளில் வந்துபோன பஸ் கட்டணம், எல்லாம் சேர்த்து, அக்கா எனக்கு அளந்து வைத்துப்போன அந்த ஒரு நாற்காலிக்கு நான் செலவழித்தது எண்பத்தாறாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.